சித்தப்பாவின் பிக்கப் எங்கள் தோட்டத்து டிரெய்லர் ஆன கதை

சித்தப்பாவின் பிக்கப் எங்கள் வீட்டுப் புளியமரத்தடியில் மூன்று வருஷம் நின்றது. களக்காட்டில் ஏத்தன் (நேந்திரன் வாழை) தார் ஏற்றிக்கொண்டு ஏர்வாடி, வள்ளியூர், பணகுடி, ஆரல்வாய்மொழி வழியாக நாகர்கோவிலுக்கும், பல நாள் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்துக்கும் ஓடிய வண்டி அது. ராத்திரி கிளம்பி விடியுமுன் சந்தையில் இறக்கிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பார் சித்தப்பா. எஞ்சின் சீஸ் ஆனபோது, அதைச் சரிசெய்யும் செலவுக்கு வண்டியே பெறாது என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். இரும்புக்கடைக்குக் கொடுக்கச் சித்தப்பாவுக்கு மனசு வரவில்லை. வண்டிக்கடியில் கோழி அடைகாத்தது. பின்கதவில் எழுதியிருந்த ஊர்ப்பெயர் மட்டும் வெயிலில் மங்காமல் நின்றது.

எனக்கு வேறொரு கஷ்டம் இருந்தது. பச்சையாற்றுப் பக்கம் எனக்கு இரண்டரை ஏக்கர் வாழை. தோட்டத்தின் உள்கோடியிலிருந்து லாரி வந்து நிற்கும் இடத்துக்கு 400 மீட்டர் இருக்கும். வெட்டுகிற அன்று அத்தனை தாரும் தலைச்சுமையாகத்தான் வர வேண்டும். ஏத்தன் தார் ஒன்று சராசரியாக 12, 13 கிலோ. ஒரு ஆள் மூன்று தார் வைத்துக்கொண்டால் அதுவே 40 கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு வழுக்குகிற வரப்பில் நாள் முழுக்க நடப்பது என்ன வேலை என்று, என் சின்ன வயதில் அப்பாவோடு சுமந்து பார்த்ததால் எனக்குத் தெரியும். இப்போது சுமக்க வருகிறவர்களில் பாதிப்பேர் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். இளவட்டங்கள் யாரும் வருவதில்லை. வரச் சொல்லவும் எனக்கு வாய் வராது.

பழையதாக வாங்கிய 15 குதிரைத்திறன் மினி டிராக்டர் ஒன்று என்னிடம் உண்டு. வரப்போரமாக ஏழடிப் பாதையும் உண்டு. பாதைக்குள் அடங்குகிற மாதிரி ஒரு டிரெய்லர் இருந்தால் போதும். பிக்கப்பின் பின்பாதியில் அச்சு, சக்கரம், ஸ்பிரிங் கட்டு, பெட்டி எல்லாமே இருக்கிறதே, முன்பாதியை வெட்டிவிட்டு ஒரு கொக்கி வைத்தால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். நினைத்ததில் பாதி சரி. மீதிப் பாதிக்குத்தான் ஒரு வருஷம் ஆனது. அந்த ஒரு வருஷத்தில் தெரிந்துகொண்டதை, இதே யோசனையில் இருக்கிற விவசாயிகளுக்காக எழுதுகிறேன்.

முதலில் காகிதம். கட்டிங் மெஷினைக் கையில் எடுக்கும் முன் ஆர்.சி. புத்தகத்தை எடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம், 1988 பிரிவு 55 சொல்வது இது: வண்டி இனி ஓடாது, உடைக்கப்பட்டது என்றால் உரிமையாளர் 14 நாளுக்குள் பதிவு செய்த அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும். செய்யாவிட்டால் ஏட்டில் அந்த வண்டி உயிரோடுதான் இருக்கும். அந்த நம்பரும் சேஸ் (அடிச்சட்டம்) எண்ணும் வேறு யார் கைக்காவது போனால் கேள்வி உங்களிடம்தான் வரும். சித்தப்பா வண்டிக் கடனை எப்போதோ அடைத்துவிட்டார். ஆனால் ஆர்.சி.யில் கடன் கொடுத்தவர்கள் பெயர் அப்படியே இருந்தது. அவர்களிடம் படிவம் 35-ல் கையெழுத்தும் தடையில்லாச் சான்றும் வாங்கி அதை நீக்கவே இரண்டு மாதம் ஆயிற்று. கடன் முடிந்த மாதமே செய்திருந்தால் ஒருநாள் வேலை. நாங்கள் உடைத்தது 2018-ல். 2021-ல் வாகனங்களை உடைப்பதற்கென்று தனி விதிகளும் பதிவுபெற்ற மையங்களும் வந்துவிட்டன. அதனால் இப்போது தொடங்குகிறவர்கள் முதல் நடையை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கே வைப்பது நல்லது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதே சட்டத்தின் 2(28)-ஆம் பிரிவில் மோட்டார் வாகனம் என்ற சொல்லுக்குள் டிரெய்லரும் அடங்கும். எஞ்சின் இல்லையே என்று சொல்லித் தப்ப முடியாது. பொது ரோட்டில் இழுத்துப் போக வேண்டுமானால் பதிவு வேண்டும். வீட்டில் கட்டியதற்கு அது கிடைக்கும் என்று நம்பி இறங்காதீர்கள். எங்கள் டிரெய்லர் தோட்டத்து வேலியைத் தாண்டியதில்லை. லாரி நிற்கும் வாசல்வரை வரும், அங்கே தாரை இறக்கிவிட்டுத் திரும்பிவிடும். ரோட்டில் ஓட்டத்தான் வேண்டும் என்கிறவர்கள் பதிவோடு வருகிற டிரெய்லரையே வாங்குங்கள்.

பிரிக்கிற வேலையில் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. எஞ்சின், கியர் பாக்ஸ், கேபின் எல்லாம் எடைக்குப் போயின. டீசல் டேங்கைக் கழற்றித் தூரமாகக் கொண்டுபோய் வைத்த பிறகுதான் வெட்டு வேலை தொடங்கினோம். டேங்க் காலிதானே என்று விட்டுவிடக் கூடாது, உள்ளே நிற்கிற ஆவிதான் தீப்பிடிக்கும். சேஸை கேஸ் கட்டிங்கில் அறுத்தால் சீக்கிரம் முடியும். பட்டறை அண்ணாச்சி அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. மறுபடி சேர்க்கப்போகிற இடத்தில் அவ்வளவு சூடு காட்டினால் இரும்பின் குணம் மாறிவிடும் என்று கிரைண்டரிலேயே அறுத்தார். ஒரு முழுநாள் போனது. அந்த நாளுக்கான கூலியைச் சந்தோஷமாகக் கொடுத்தேன்.

நான் தப்பு செய்தது அதற்கு அடுத்த நாள்.

பெட்டியின் நீளம் எட்டடி. பின்னச்சுக்கு முன்னால் 57 அங்குலம், பின்னால் 39 அங்குலம். பம்புசெட் ரூம் பக்கத்துத் திருப்பத்தில் எட்டடிப் பெட்டி மடங்காது என்று கணக்குப் பார்த்தேன். முன்பக்கமாக ஒன்றரையடியை எடுத்துவிடச் சொன்னேன். இப்படி வெட்டினால் அச்சு நட்டநடுவில் வந்துவிடுமே என்று அண்ணாச்சி ஒரு வார்த்தை கேட்டார். நடுவில் வந்தால் நல்லதுதானே, இரண்டு பக்கமும் சமமாக இருக்கும் என்றேன். சமம் என்றால் சரி என்று மனசு எப்படியோ எடுத்துக்கொண்டது. ஆக முன்னால் 39, பின்னால் 39. வெல்டிங் முடிந்து கொக்கியைப் பிடித்துத் தூக்கினால் ஒரு கையில் எழும்பியது. இவ்வளவு லேசாக இருக்கிறதே, டிராக்டருக்குக் கஷ்டமே இராது என்று எல்லோரிடமும் தூக்கிக் காட்டினேன்.

முதல் பாரம் 22 தார். பின்கதவு வழியாகத்தான் ஏற்றுவோம். ஏற்றுகிறவர்கள் கைக்கெட்டுகிற பின்பக்கத்திலேயே அடுக்கினார்கள். பாதை முழுக்க நன்றாகத்தான் வந்தது. லாரி நிற்கும் இடத்துக்கு ஏறுகிற சின்ன மேட்டில் டிராக்டரின் பின்சக்கரம் சுற்றத் தொடங்கியது. திரும்பிப் பார்த்தேன். டிரெய்லரை டிராக்டரோடு இணைக்கிற டிராபார் மேலே எழும்பி, டிராக்டரின் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டிருந்தது. சக்கரத்துக்குத் தரையில் பிடிப்பே இல்லை. அடுத்த நொடியில், இரண்டையும் பூட்டியிருந்த பின் (இரும்பு ஆணி) தெறித்து வெளியே வந்தது. அதற்கு நான் கிளிப் போட்டிருக்கவில்லை. டிரெய்லர் வால்பக்கம் தரையில் குத்தி, வந்த வழியே பின்னால் உருண்டு, இரண்டு வாழையை முறித்துக்கொண்டு வரப்பில் போய் நின்றது. மேடு வந்தால் இரண்டு பேர் பின்னால் கைகொடுத்துத் தள்ளுவது எங்கள் பக்கத்து வழக்கம். அன்றைக்கு ஒருத்தர் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். இன்னொருத்தர் விழுந்த தாரை எடுக்க ஒதுங்கியிருந்தார். எங்கள் சுடலைமாடன்தான் காப்பாற்றினான் என்று சித்தி சொன்னாள். நானும் அப்படித்தான் நம்புகிறேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஒரு வாரம் டிரெய்லரைத் தொடவில்லை. அப்புறம் அப்பா போய்ப் பக்கத்துத் தெரு ஆசாரி தாத்தாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். எண்பதைத் தாண்டியவர். அவர் காலத்தில் சுற்றுவட்டாரத்துப் பாரவண்டிகளில் பாதி அவர் கையால் செய்தது. வந்தவர் வெல்டிங்கையோ டயரையோ பார்க்கவில்லை. நேராகப் போய் டிராபாரைப் பிடித்துத் தூக்கினார். விட்டார். மறுபடி தூக்கினார்.

“எய்யா, இதுல முன்பாரமே இல்லையே” என்றார்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் என் தாத்தா வண்டி ஓட்டிய காலம் எனக்கு ஞாபகம் வந்தது. மாட்டுவண்டியில் பாரம் ஏற்றும்போது முன்பாரம், பின்பாரம் என்று பார்த்துப் பார்த்து அடுக்குவார்கள். முன்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டுக் கழுத்தை அழுத்திப் புண்ணாக்கும். பின்பாரம் ஆனால் ஏர்க்கால் மேலே எழும்பும், பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். மேட்டில் ஏறும்போது முன்பக்கம் போய்த் தொத்திக்கொள்வார் தாத்தா. பள்ளத்தில் இறங்கும்போது பின்னால் நகர்ந்து உட்காருவார். சின்னப் பிள்ளைகளான எங்களை “முன்னால வா”, “பின்னால போ” என்று விரட்டியதெல்லாம் விளையாட்டு என்று அப்போது நினைத்தேன். எங்களையும் எடைக்கல்லாக வைத்துத்தான் வண்டியைச் சமன் செய்திருக்கிறார்.

“நுகம் மாட்டுக் கழுத்துல சும்மா படுத்திருக்கணும். அமுக்கவும் கூடாது, பறக்கவும் கூடாது. கொஞ்சம் முன்பாரம் இருக்கணும். அச்சு அதுக்கு ஏத்த மாதிரி பின்னால நிக்கணும். இதுவும் வண்டிதான, மாடுதான் மாறியிருக்கு” என்றார் ஆசாரி தாத்தா.

டிரெய்லர் கட்டுகிற எல்லோருக்கும் நான் சொல்ல ஆசைப்படுவது இந்த ஒன்றைத்தான். வெல்டிங் சுமாராக இருந்தால் மறுபடி வைத்துக்கொள்ளலாம். அச்சு நிற்கிற இடம் தப்பானால் மற்ற எல்லாமே தப்பு. பாரத்தோடு சேர்த்து டிரெய்லரின் மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் இறங்க வேண்டும். அதற்கு அச்சு பெட்டியின் நடுவிலிருந்து கொஞ்சம் பின்னால் இருக்க வேண்டும். பிக்கப்பைச் செய்தவர்கள் அதைப் பின்னால்தான் வைத்திருந்தார்கள். முன்பக்கத்தை வெட்டி நடுவுக்குக் கொண்டுவந்தது நான்.

எவ்வளவு பின்னால் என்பதற்குக் கணக்கு சுலபம். பெட்டியின் நடுவிலிருந்து அச்சு எத்தனை அங்குலம் பின்னால் இருக்கிறதோ, அதை அச்சுக்கும் கொக்கிக்கும் உள்ள தூரத்தால் வகுங்கள். சமமாக அடுக்கிய பாரத்தில் அந்தப் பங்குதான் கொக்கிக்குப் போகும். நாங்கள் அச்சை ஒன்பது அங்குலம் பின்னுக்குத் தள்ளினோம். இப்போது முன்னால் 48, பின்னால் 30. ஏர்க்கால், அதாவது டிராபார், பெட்டிக்கு முன்னால் 48 அங்குலம் நீள்கிறது. ஆக அச்சிலிருந்து கொக்கிக்கு 96. ஒன்பதை 96-ஆல் வகுத்தால் நூற்றுக்கு ஒன்பது சொச்சம். 400 கிலோ பாரத்துக்கு 37 கிலோ போலக் கொக்கியில் இறங்கும்.

அச்சைத் தள்ளுவது என்றால் ஸ்பிரிங் கட்டைத் தாங்குகிற பிராக்கெட்டுகள் நான்கையும் இடம் மாற்ற வேண்டும். அவை ரிவிட் அடித்தவை. ரிவிட்டைத் துளைபோட்டு எடுத்து, புது இடத்தில் ஓட்டை போட்டு, 8.8 என்று தலையில் முத்திரை உள்ள போல்ட்டால் முடுக்கினோம். சாதாரண போல்ட் இந்த இடத்துக்கு ஆகாது. பிராக்கெட்டை சேஸோடு பற்றவைத்துவிடலாமே என்று நான் கேட்டதற்கு அண்ணாச்சி விளக்கம் சொன்னார். சேஸின் மேல்பட்டையிலும் கீழ்ப்பட்டையிலும் குறுக்காக வெல்டிங் வைத்தால், ஒவ்வொரு குலுக்கலுக்கும் அந்த வரியில்தான் விரிசல் தொடங்குமாம். ஏர்க்காலையும் அதே மாதிரிதான் சேர்த்தோம். 100 மில்லிமீட்டர் சேனல் இரண்டை முன்னால் கூம்பாகச் சேர்த்து, பின்னால் சேஸ் கால்களுக்கு அடியில் இரண்டரையடி உள்ளே ஓடவிட்டு, பக்கவாட்டில் பிளேட் வைத்து போல்ட் போட்டோம். வெல்டிங் எல்லாம் நீளவாக்கில்தான். முனையோடு முனை ஒட்டவைத்த ஏர்க்கால் ஒருநாள் கையோடு வரும்.

வெல்டிங் மெஷினின் எர்த் கிளாம்ப் விஷயமும் உண்டு. வெல்டிங் வைக்கும்போது அதைச் சக்கரத்திலோ அச்சிலோ மாட்டாதீர்கள். கரண்ட் பேரிங் வழியாக ஓடினால் குண்டுகளில் புள்ளி விழுந்துவிடும். வைக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே, பெயின்டைச் சுரண்டிவிட்டு மாட்டுங்கள்.

வேலை முடிந்த அன்று, தார் நிறுக்க வியாபாரி தோட்டத்துக்குக் கொண்டுவருகிற மேடைத் தராசைக் கொஞ்சம் நேரம் கேட்டு வாங்கினோம். ஏர்க்கால் முனையைக் கொக்கி உயரத்தில் வைத்து நிறுத்தால் வெறும் வண்டிக்கு 38 கிலோ. ஒவ்வொரு சக்கரத்துக்கும் 190. ஒரு சக்கரம் தராசில் இருக்கும்போது மற்றதற்கு அடியிலும் அதே உயரத்துக்குப் பலகை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்குப் பிசகும். மொத்தம் 418 கிலோ. ஆசாரி தாத்தா தராசைப் பார்க்கவே இல்லை. ஏர்க்காலை இரண்டு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு “இப்ப சரி” என்று சொல்லிவிட்டு வெற்றிலை போட உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் டிராபார் என்று சொல்வதில்லை, ஏர்க்கால்தான்.

இந்த 418 கிலோ என்ற எண்ணிலிருந்துதான் ஏற்றுகிற அளவையும் முடிவு செய்தோம். பிக்கப்பாக இருந்தபோது ஒரு டன்னுக்கு மேல் சுமந்த பெட்டி. அதனால் எல்லோரும் இன்னும் ஏற்று, இன்னும் ஏற்று என்பார்கள். பெட்டி தாங்கும், இழுக்கிற டிராக்டர் தாங்காது. பிரேக் இல்லாத டிரெய்லர் பாரத்தோடு சேர்ந்து இழுக்கிற வண்டியை விடக் கனமாக இருக்கக் கூடாது. இருந்தால் இறக்கத்தில் அது டிராக்டரைத் தள்ளிக்கொண்டு போய்க் குறுக்கே மடக்கிவிடும். என் டிராக்டரும் நானும் சேர்ந்து 850 கிலோ. ஆகவே பாரம் 400 கிலோ, அதாவது 30 தார். பெட்டியின் உள்பக்கம் அந்த உயரத்துக்குச் சிவப்புக் கோடு போட்டிருக்கிறோம். கோட்டுக்கு மேல் ஒரு தார்கூட ஏறாது. முதலில் முன்பக்கம் அடுக்கிவிட்டுத்தான் பின்னால் வர வேண்டும். இறக்கும்போது பின்னால் இருந்து தொடங்க வேண்டும். டிரெய்லரை டிராக்டரிலிருந்து கழற்றுவது முழுக்க இறக்கிய பிறகுதான்.

கால்வாய்க் கரையில் இறங்குகிற இடம் ஒன்று உண்டு. மேலே ஏற எந்த கியர் வேண்டுமோ அதே கியரில்தான் கீழேயும் இறங்க வேண்டும். பாதியில் கிளட்சை மிதித்தால் போச்சு, எஞ்சின் பிடித்து வைத்திருந்தது விட்டுவிடும்.

கொக்கியைப் பற்றி. டிரெய்லரை டிராக்டரின் கீழே உள்ள இழுவைக் கொக்கியில் மட்டும்தான் மாட்ட வேண்டும். உயரம் ஒத்துவருகிறது என்று மேலே உள்ள டாப் லிங்க் இடத்தில் கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அச்சு உயரத்துக்கு மேலே இழுத்தால், பாரம் சிக்கும்போது டிராக்டரின் முன்சக்கரம் எழும்பி ஓட்டுகிறவர் மேலேயே கவிழும். அதற்குத் தப்பிக்க நேரமே கிடையாது. பிக்கப் சேஸ் உயரமானது, கொக்கி தாழ்வானது. அதனால் ஏர்க்கால் முனையில் பிளேட்டைக் கீழே இறக்கி வைத்து, பூட்டி நிற்கும்போது பெட்டி ரசமட்டம் வைத்தாற்போல் நிற்கிறதா என்று பார்த்தோம். மூக்கு நிமிர்ந்து நின்றால் மறுபடி பின்பாரம்தான். பின்னுக்குக் கிளிப், அதற்கும் மேலே இரண்டு சங்கிலி, ஏர்க்காலுக்கு அடியில் பெருக்கல் குறி போலக் குறுக்காக. பின் போனாலும் ஏர்க்கால் தரையில் குத்தாமல் சங்கிலி தாங்கிக்கொள்ளும். மாட்டுவண்டிச் சக்கரம் கழலாமல் காத்தது கடையாணி. அந்த வேலைதான் இந்தக் கிளிப்புக்கும். எங்கள் தோட்டத்தில் இப்போது கிளிப் போடாமல் வண்டி அசையாது.

அச்சை என்ன செய்வது என்பதில் நிறையப் பேருக்குக் குழப்பம் உண்டு. நடுவில் உள்ள கிரவுனை (பல் சக்கரங்கள் உள்ள பகுதியை) எடுத்துவிடலாமா என்று கேட்பார்கள். அது அச்சின் வகையைப் பொறுத்தது. சில வண்டிகளில் சக்கரம் ஹவுசிங் (அச்சின் வெளிக்கூடு) மேலே தனி பேரிங்கில் நிற்கும். அவற்றில் உள்ளே இருக்கிற ஷாஃப்டை உருவிவிட்டு மூடி போட்டுவிடலாம். சில வண்டிகளில் ஷாஃப்ட்தான் சக்கரத்தையே தாங்கும், உருவினால் சக்கரமும் கூடவே வரும். எங்களுடையது இரண்டாவது வகை. அப்படியே விட்டு, கிரவுன் ஆயிலை மாற்றி, அளவுக்கு நிரப்பி வைத்தோம். இழுக்கும்போது உள்ளே பல் சக்கரங்கள் சுற்றத்தானே செய்யும், ஆயில் இல்லாமல் ஓட்டக் கூடாது.

இங்கே எங்களுக்கு ஒரு பாடம் கிடைத்தது. கியர் பாக்ஸிலிருந்து கிரவுனுக்கு வருகிற நீள ஷாஃப்டைக் கழற்றிய பிறகு, அது மாட்டியிருந்த பினியன் கழுத்து முன்னால் மொட்டையாக நீட்டிக்கொண்டிருக்கும், ஓடும்போது அதுவும் சுற்றும். நாலு மாதம் கழித்து அடியில் ஆயில் சொட்டியது. படுத்துப் பார்த்தால், வாழைநாரும் சருகும் அதில் கயிறு திரித்தது போல இறுக்கமாகச் சுற்றி, ஆயில் சீல் உதட்டைக் கிழித்திருந்தது. வாழைநாரின் பலம் நமக்குத் தெரிந்ததுதானே. கத்தியால் அறுத்தெடுக்கவே அரை மணி நேரம். சீலை மாற்றி, ஒரு தகரக் குவளையை வெட்டி மூடியாக போல்ட் போட்டோம். அதற்குப் பிறகு தொந்தரவு இல்லை.

ஹேண்ட் பிரேக்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எங்கள் வண்டியில் அது பின்சக்கர டிரம்மில்தான் பிடிக்கும். லீவரையும் கேபிளையும் ஏர்க்காலுக்குக் கொண்டுவந்துவிட்டோம். ஓடும்போது அது உதவாது. நிறுத்தி ஏற்றி இறக்கும்போது அசையாமல் பிடித்துக்கொள்ளும். கூடவே இரண்டு மரக்கட்டை சக்கரத்துக்கு அடை கொடுக்க.

ஸ்பிரிங் விஷயத்தில் வியாபாரிதான் கண்ணைத் திறந்தார். மூன்றாவது வெட்டில் தாரில் அங்கங்கே கறுப்பு விழுந்திருக்கிறது, அடிபட்ட காய் என்று விலையைக் குறைத்தார். தலைச்சுமையில் வந்த தாரில் அது இல்லை. ஒரு டன்னுக்குச் செய்த ஸ்பிரிங் கட்டு 400 கிலோவுக்கு வளையவே இல்லை, கட்டை மாதிரி தூக்கித் தூக்கிப் போட்டிருக்கிறது. ஸ்பிரிங் கட்டிலிருந்து கனமான உதவிப் பட்டையை எடுத்தோம். டயர் காற்றை 30-க்குக் குறைத்தோம். நாங்கள் நடக்கிற வேகத்தில்தான் ஓட்டுகிறோம் என்பதால் அது சரிவருகிறது. பெட்டிக்குள் காய்ந்த வாழைச்சருகை ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பி, தாருக்கும் தாருக்கும் நடுவே பச்சை இலை வைக்கிறோம். இப்போது கறுப்பு விழுவதில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை சருகை அள்ளி உரக்குழியில் போட்டுவிட்டு, பெட்டியைக் கழுவி, ஏர்க்கால் சேருகிற இடங்களில் துருக்கோடு மாதிரி விரிசல் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறோம். சக்கர நட்டுகளை முதல் நாலு பாரத்துக்கும் ஒவ்வொரு தடவை முடுக்கினோம். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் திரும்பத்தான் செய்தன.

செலவு என்று பார்த்தால் சேனல், பிளேட், போல்ட், பழைய டயர் இரண்டு, சீல், கூலி எல்லாம் சேர்த்து 31,000 ரூபாய். எஞ்சினும் கேபினும் எடைக்குப் போனதில் பாதிக்கு மேல் வந்துவிட்டது. இரண்டு தடவை செய்த வேலையை ஒரே தடவை செய்திருந்தால் 9,000 மிச்சம்.

ஆள் ஏறக் கூடாது என்பதில் மட்டும் நான் யார் பேச்சையும் கேட்பதில்லை. கோவில் கொடைக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வா என்று கேட்பார்கள். அத்தை கேட்டாலும் மாமா கேட்டாலும் முடியாது என்று சொல்லிவிடுவேன். ஏர்க்கால் மேல் உட்கார்ந்து வருவது அதைவிட ஆபத்து. அந்த முதல் நாளில் வண்டி பின்னால் உருண்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

2022 ஆனியில் காற்று மூன்று நாள் நிற்காமல் அடித்தது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று எங்கள் பக்கமும் கை நீட்டும். முட்டுக் கொடுத்தும் கீழ்க்கோடியில் வரிசை வரிசையாகச் சாய்ந்தது. விளைந்த தாரை இரண்டு நாளுக்குள் வெளியே எடுத்தால் காசு, எடுக்காவிட்டால் மாட்டுக்கு. ஊர் முழுக்க அதே பாடு, சுமக்க ஒரு ஆள் கிடைக்கவில்லை. அப்பா, நான், சித்தி, பக்கத்துத் தோட்டக்காரர் இரண்டு பேர், இவ்வளவுதான். சித்தப்பா சர்க்கரை வந்து பாதத்தில் புண்ணோடு இருந்தார். வீட்டில் இரு என்று சொல்லியும் கேட்காமல் வந்து ஏர்க்கால் பக்கம் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் வெட்டி ஏற்ற ஏற்ற, சிவப்புக் கோட்டைப் பார்த்து “போதும்” என்று சொல்வது அவர் வேலை. பதினாலாவது நடைக்கு இருட்டிவிட்டது. டிராக்டர் விளக்கில் பின்கதவு எழுத்து மட்டும் தெரிந்தது. அந்தப் பங்குனியில் அவரே உட்கார்ந்து மஞ்சள் பெயின்ட் தொட்டு மறுபடி எழுதிய ஊர்ப்பெயர். நான் டிராக்டரைப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினேன். சித்தப்பா கல்லைவிட்டு எழுந்து, பின்னைப் போட்டு, கிளிப்பை மாட்டி, இரண்டு சங்கிலியையும் ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, பெட்டியில் தட்டி “போலாம்” என்றார்.